படுத்துப் பார்த்த வண்டி

போன வருஷம் புரட்டாசி மாசம். குறுவை அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று, அதைப் பார்க்க என் மகன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். சாதாரண வண்டி இல்லை. சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்கு வைத்திருப்பார்களே கேரவன், அந்த மாதிரி. பெரிய வேன். உள்ளேயே கட்டில், கக்கூஸ், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். நன்னிலம் பக்கத்தில் நெல்லு விளைவிக்கிற குடும்பத்துக்கு இந்த வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஊரிலும் கேட்டார்கள்.

எல்லாம் என் வீட்டுக்காரருக்காகத்தான். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரியும். பதிலுக்கு இடது கையை ஆட்டுவார், இல்லாவிட்டால் கண்ணால் சொல்வார். ஆள் நல்ல உயரம். வைத்தியத்துக்குத் தஞ்சாவூர் போகும்போதெல்லாம் வாடகைக் காரின் பின் சீட்டில் காலை மடக்கித்தான் படுக்கவைக்க வேண்டும். திரும்பி வந்தால் இரண்டு நாள் முனகல். வழியில் ஒன்றுக்கு வந்தால் ரோட்டோரம் நிறுத்தி, நான் ஒரு புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொள்வேன். அப்போது அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது.

கோயம்புத்தூரில் மகள் வீடு கட்டிக் குடிபோய்விட்டாள். அவர் இன்னும் அந்த வீட்டைப் பார்க்கவில்லை. அவள் போனில் வீட்டைச் சுற்றிக் காட்டினால் போன் கண்ணாடியைத் தடவுவார்.

மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்தவன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, அப்பாவைப் படுக்கவைத்தே கூட்டிப்போகிற மாதிரி வண்டி வாங்கிவிடுவோம், நமக்கு வேண்டாத நாளில் கோயில் டூருக்கு வாடகைக்கு விட்டால் வண்டிச் செலவை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றான். புது வண்டி எங்களுக்கு எட்டாது. அதனால்தான் பழசு.

எனக்கு வெளி ஆம்பிளைகள் முன்னால் பேச வராது. ரேஷன் கடையில் சர்க்கரை குறைவாக நிறுத்தால்கூட வாயைத் திறக்காமல் வாங்கி வந்துவிடுவேன். நான் வந்து என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பாவுக்கு எது தோதுப்படும் என்று உனக்குத்தான் தெரியும், நீ வந்தே ஆகணும் என்று நின்றான். சரி என்று, கட்டில் அவர் நீளத்துக்குப் போதுமா என்று பார்க்க, காலையில் ஒரு சணல் கயிற்றால் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் அளந்து, முடிச்சுப் போட்டு மஞ்சப்பையில் வைத்துக்கொண்டேன். அளக்கும்போது அவர் சிரித்தார். இப்போதெல்லாம் அவருக்கு ஒரு பக்கம்தான் சிரிப்பு வரும்.

அங்கே போனால் வண்டி வெள்ளை வெளேரென்று நின்றது. ஏறுகிற இடத்திலேயே சந்தன வாசனை ஆளைத் தூக்கியது. தரையில் புது விரிப்பு. வண்டிக்காரர் நல்ல பேச்சுக்காரர். நவக்கிரகம் ஒன்பதையும் சுற்றி வந்த வண்டி, எந்த தோஷமும் இதை அண்டாது என்றார். என் மகன் கூட்டிவந்த மெக்கானிக் தம்பி அவனோடு படித்தவர். அவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, சனீஸ்வரனை மட்டும் கொஞ்சம் அதிகமாவே சுத்திருக்கு போல" என்றார்.

அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வண்டி உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டே போனார். ஒட்டினால் தகரம், ஒட்டாமல் விழுந்தால் அடிபட்டுப் பட்டி பூசி மறைத்த இடமாம். பின்பக்கம் ஒரு இடத்தில் காந்தம் விழுந்தது. மாடு முட்டிவிட்டது என்றார் வண்டிக்காரர். மாடு லாரியிலா வந்தது என்று கேட்டார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தபோது மெக்கானிக் தம்பிக்கு முகம் தெளிந்துவிட்டது. சத்தம் நன்றாக இருக்கிறது, ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றார். பேப்பர் எல்லாம் சரி. சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து வேறு ஆள் வருகிறார் என்று வண்டிக்காரர் சொன்னதும் என் மகன் முடிவே பண்ணிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

வண்டிக்காரர் சம்சாரம் வாசலில் நின்று, உள்ளே வந்து காபி சாப்பிடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு, ஆம்பிளைகள் முன்பக்கம் நின்ற நேரம் பார்த்து நான் பின்கதவு வழியாக வண்டிக்குள் ஏறினேன். கயிற்றைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். முடிச்சுக்கு மேலேயும் ஒரு சாண் இடம் இருந்தது. மனசு குளிர்ந்துபோனது. படுத்தால் அவருக்கு வெளியே வயல் தெரியுமா என்று ஒரு சந்தேகம். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டுப் படுத்தேன். நன்றாகவே தெரிந்தது. தென்னை, வயல், கொக்கு எல்லாம்.

அந்த நேரம் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

நான் காபி சாப்பிட உள்ளே போய்விட்டேன் என்று என் மகன் நினைத்துக்கொண்டானாம். டிரைவர் இருக்கிற இடத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் தடுப்பு. அதில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்கும் திரை. அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம். உடனே தட்டியிருக்கலாம். ஆனால் அடுத்தவர் வண்டியில், மூன்று ஆம்பிளைகள் முன்னால் உட்கார்ந்திருக்க, கட்டிலில் படுத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு சுற்றுப் போய்விட்டு இங்கேதானே வருவார்கள், சத்தம் காட்டாமல் இறங்கிவிடலாம் என்று அப்படியே கிடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் சந்தன வாசனைக்குள்ளே வேறு ஒரு வாடை வந்தது. டீசல் புகை. கட்டிலுக்கு அடியிலிருந்துதான் வந்தது. முதலில் கண் எரிந்தது. அப்புறம் நெற்றியில் யாரோ கட்டை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது. இப்போது தட்டினேன். பாட்டுக்கு நடுவில் யாருக்குக் கேட்கும்? கதவுப்பிடியை எப்படித் திருப்புவது என்றும் தெரியவில்லை. தம்பி, தம்பி என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவரை வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்து சாகப்போகிறேனா என்று ஒரு நினைப்பு வந்தது.

ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினதில் கண்ணாடி நாலு விரல்கடை நகர்ந்தது. அதில் மூக்கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, மஞ்சப்பையை வெளியே விட்டு ஆட்டினேன்.

அந்த ரோட்டில் பாதிக்கு நெல்லைக் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அதனால் வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பிரேக் போட்டார்கள். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் பலகையோடு வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"எறங்குய்யா கீழ. உள்ள யார அடைச்சு வெச்சிருக்க?"

யாரும் இல்லைக்கா, வண்டி வாங்க ஓட்டிப் பார்க்கிறோம் என்று என் மகன் சொல்வது கேட்டது.

"யாரும் இல்லாத வண்டியில மஞ்சப்பை தானா கையாட்டுதா? தொற பின்னால."

கதவைத் திறந்த என் மகன் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அந்தப் பெண்தான் என்னை அணைத்து இறக்கினாள். நெல்லுத் தார்ப்பாயில் ஓரமாக உட்காரவைத்தாள். வாந்தி வந்தது. நெல்லில் பட்டுவிடக் கூடாதே என்று வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்து, முகத்தையும் துடைத்துவிட்டாள். என்னைப் பெத்தவள்கூட அத்தனை பதமாகத் துடைத்திருக்க மாட்டாள்.

மகனுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. சொல்லிவிட்டு ஏறக் கூடாதா, ஏதாவது ஆகியிருந்தால் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான். வண்டிக்காரர், வயசானவர்களுக்கு மூடின வண்டி ஒத்துக்காது, எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் என்றார். நானும், ஆமா தம்பி, எனக்கு எந்த வண்டியும் ஒத்துக்காது என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் எல்லாரும் என்னைப் பார்ப்பதை விடுவார்களே என்றுதான் சொன்னேன். விட்டும்விட்டார்கள். பேச்சு மறுபடியும் வண்டிக்குத் திரும்பிவிட்டது. அப்போ முடித்துக்கொள்ளலாமா தம்பி என்று வண்டிக்காரர் கேட்கிறார். என் மகன் சரி என்று சொல்ல வாயெடுக்கிறான்.

என் விரலில் அந்தச் சணல் கயிறு சுற்றியிருந்தது. எப்போது சுற்றினேனோ தெரியாது. அதைப் பார்த்ததும், கட்டிலில் நான் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. ஜன்னல் இருந்தது வலது கைப் பக்கம், அவருக்கு விழுந்துபோன கைப் பக்கம்.

"தம்பி, நீ போய் அந்தக் கட்டில்ல படு" என்று என் மகனிடம் சொன்னேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜன்னல சாத்திக்க. கதவையும் சாத்திக்க. அவங்க கொஞ்ச தூரம் ஓட்டிக்கிட்டு வரட்டும். அப்பா மாதிரியே படுத்துக்கிட்டு வா."

என்னம்மா இது விளையாட்டு என்று சிரித்தார் வண்டிக்காரர்.

"விளையாட்டு இல்லைங்க. படுக்கப்போறவருக்குப் பேச்சு வராதுங்க" என்றேன். முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளையிடம் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

என் மகன் போய்ப் படுத்தான். மெக்கானிக் தம்பி மதகு வரைக்கும் ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் மகனுக்குக் கண் செக்கச் செவேலென்று இருந்தது. இருமிக்கொண்டே வந்து என் பக்கத்தில் தார்ப்பாயில் உட்கார்ந்தான். நடுவிலே தட்டலாம்னு ரெண்டு தடவை கை தூக்கினேம்மா, அப்பா மாதிரின்னு சொன்னியேன்னு தட்டலை என்றான்.

மெக்கானிக் தம்பி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கட்டிலுக்கு நேர் கீழே சைலன்சர் குழாய் விட்டுப்போயிருந்தது. அழுக்குத் தண்ணீர் போகத் தரையில் போட்ட ஓட்டையைச் சாக்குத்துணி வைத்து அடைத்திருந்தார்களாம். அதுவும் நழுவிக் கிடந்தது. கதவைத் திறந்துபோட்டு, நிற்கவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓட்டும்போது எல்லாரும் முன்னால் உட்கார்ந்தோம், பின்னால் ஒருத்தர் உட்காரணும்னு எனக்குத் தோணவே இல்லையே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். வெல்டு வைத்துத் தருகிறேன் என்றார் வண்டிக்காரர். வேண்டாங்க என்று என் மகன் கும்பிட்டுவிட்டான். அவருக்கு அந்தக் கோளாறு தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்தச் சந்தன வாசனையை நினைத்தால் ஒரு மாதிரி தோன்றும். காபி சாப்பிடக் கூப்பிட்ட அவர் சம்சாரத்தின் முகத்தை நினைத்தால் வேறு மாதிரி தோன்றும்.

நான் எழுந்தபோது புடவையெல்லாம் நெல். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தார்ப்பாயில் போட்டாள். "ஈரம் ஈரம்னு கொள்முதல்ல திருப்பி அனுப்புறான் பெரியம்மா. நீங்க வேற பாதிய ஊருக்குக் கட்டிக்கிட்டுப் போனா நான் என்ன செய்வேன்" என்றாள். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவள் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னான். அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் இடது கையை நீட்டி என் வாயைத் தொட்டார். நீயா பேசினாய் என்று கேட்கிறார் என்று புரிந்தது. ஆமாம் என்றேன். அந்த ஒரு பக்கத்துச் சிரிப்பைச் சிரித்தார்.

அப்புறம் மகன் லீவு முடிந்து போய், மறுபடி சித்திரையில் வந்தபோதுதான் வேறு ஒரு வண்டி அமைந்தது. மெக்கானிக் தம்பி அதன் இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் கட்டிலில்தான் போய்ப் படுத்தார். ஜன்னலும் இடது கைப் பக்கம். அதில்தான் கோயம்புத்தூர் போய் மகள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் அவர் திரையை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கண்ணசரும் நேரமெல்லாம் நான் குனிந்து, அவர் தலைமாட்டில் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்ப்பேன். அவருக்குப் பேச்சு வராது என்பது ஊருக்கே தெரியும்; அத்தனை வருஷமாக எனக்கும் வரவில்லை என்பதும், வரவேண்டிய நேரத்தில் வந்துவிட்டது என்பதும் அந்த நெல் காய்ந்த ரோட்டில்தான் எனக்குத் தெரிந்தது.