தாத்தா பாக்கி வைத்த ஒரு நாள்

மெலிட்டோன் தாத்தாவைப் புதைத்த எட்டாம் நாள், மேட்டுக்காட்டு பசிலியா அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"ஒங்க தாத்தா எனக்கு ஒரு நாள் வேல பாக்கி. நாளைக்கு உருளக்கெழங்கு தோண்டுறேன். நீ வந்து கழிச்சிரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் மலையில் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. நீ என் காட்டில் ஒரு நாள் குனிந்தால் உன் காட்டில் நான் ஒரு நாள் குனிய வேண்டும். நான் செத்தால் என் வீட்டார் குனிய வேண்டும். அதெல்லாம் சரி. ஆனால் காய்ச்சலிலும் களைப்புத் தெரியாமலிருக்கக் கோகா இலையை அதக்கிக்கொண்டு மண்வெட்டியோடு போன மனிதருக்கு ஆள் எதற்கு?

ஒன்பது வருஷத்துக்கு முன் நான் லிமா நகரத்துக்கு பஸ் ஏறிய அன்றும் அப்படித்தான் போனார். அம்மா அப்பா இல்லாத என்னை வளர்த்தவர், வழியனுப்ப வந்து ஒரு தடவை முகம் காட்டியிருக்கலாம். அந்தக் கோபம் சவப்பெட்டியை மூடும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

"யாரையோ நெனச்சு சொல்றீங்க அக்கா."

"எனக்கென்ன புத்தி கலங்கியா போச்சு? வந்து தோண்டு. சொல்றேன்."

சித்தப்பாவைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நம்புவதா வேண்டாமா என்று குழம்பியபடியே மறுநாள் போனேன். மதியம் வரை தோண்டினோம். அவித்த கிழங்கும் பாலாடைக்கட்டியும் தின்னும்போதுதான் சொன்னாள்.

"நீ பஸ் ஏறுன அன்னிக்குத்தான்டி. மம்மட்டியத் தூக்கிட்டு என் வீடு வரைக்கும் வந்தாரு. அதுக்கு மேல கால் எழும்பல. ஆட்டுத்தோல் மேல செவத்தப் பாத்துப் படுத்துட்டாரு. அன்னிக்கு அவருக்குப் பதிலா ஒங்க காட்ட நான்தான் கொத்துனேன். அந்த நாள அவருகிட்டத் திருப்பிக் கேக்க எனக்கு மனசு வரல. காடா அது, பூரா கல்லு."

"அவரு எதுவும் சொல்லலையா?"

"பஸ் சத்தம் கேட்டப்ப ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. அவ்வளவுதான்."

ஒன்பது வருஷம் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? அழுகை வந்ததா, ஏன் மறைத்தார் என்று மறுபடி கோபம்தான் வந்ததா, எனக்கே தெரியவில்லை.

பசிலியா அக்கா கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னும் அரை நாள் கெடக்கு. குனி."

குனிந்தேன். எது கிழங்கு, எது கல் என்று கண்ணுக்குத் தெரியவில்லை.