வேகத்தில் ஓய்ந்த சத்தம்

எங்கள் வீட்டுக் கார் என்னைவிட மூத்தது. கலியாணத்துக்கு வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களை நான் வாசல் படலையடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். பூமாலை சுற்றி, ரிப்பன் கட்டி அதைக் கோமாளியாக்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் தங்கையின் மகள் சின்ன வயதில் அதன் பின்சீற்றில் படுத்துறங்கி வளர்ந்தவள். தன் கலியாணத்துக்கு அதில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மறுக்க முடியவில்லை.

அவளுடைய தகப்பன், என் மச்சான், சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் திரிந்தார். வீடியோவில் பளிச்சென்று விழவேண்டும் என்று நாலு சக்கரங்களையும் கழற்றி, அந்தச் சில்லுகளுக்கு வெள்ளிநிறப் பெயின்ற் அடித்தார். ஒரு பூச்சோடு விடவில்லை. நட்டுகள் உட்காரும் குழிகளுக்குள்ளும் தூரிகையை விட்டுத் தடவினார். பெண்ணுக்குப் போடுகிற பவுடரைவிடக் காருக்குக் கூட என்று தேத்தண்ணியைக் குடித்தபடி நான் பகிடி பண்ணினேன். காய்ந்ததும் சில்லுகளைப் பூட்டியது நான்தான். ஸ்பானரில் ஏறி மிதித்து நட்டுகளை இறுக்கினேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

உடுப்பிட்டியிலிருந்து அச்சுவேலிப் பக்கத்து மண்டபத்துக்கு, வீடுகளே இல்லாத வல்லை வெளியால் போகவேண்டும். மச்சானும் சொந்தக்காரரும் பஸ்ஸில் முன்னே போய்விட்டார்கள். காரில் நான், பின்னால் பெண்ணும் மச்சானின் அக்காவும். நல்ல நேரம் பார்த்து வெளிக்கிட்ட பெண்ணை மண்டப வாசலில்தான் இறக்கலாம், இடையில் நிற்கவும் கூடாது, திரும்பவும் கூடாது. அக்கா இதை ஏறும்போதே எனக்குச் சொல்லி, ஏறிய பிறகும் சொன்னார்.

வீடுகள் முடிந்து வெளி தொடங்குமிடத்தில் ஒரு மாட்டுக்காக வேகத்தைக் குறைத்தேன். பின்னால் எங்கோ ‘கடக், கடக்’ என்று கேட்டது. ரயரில் கல் செருகியிருக்கும் என்று நினைத்தேன். கல் என்றால் ஓட ஓடச் சத்தமும் விரைவாக அடிக்க வேண்டும். வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். சத்தம் ஓய்ந்துவிட்டது. போய்விட்டது என்று அக்கா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான்.

திரும்பக் குறைத்தேன். திரும்ப வந்தது. கியரை விட்டுச் சும்மா உருளவிட்டேன், அப்போதும் இருந்தது. ஆகவே எஞ்சின் இல்லை. பேரிங் தேய்ந்திருந்தால் விடாமல் இரையும், வேகம் கூட இரைச்சலும் கூடும். இது நேர்மாறாக நடந்தது. கடைசியாக பிறேக்கை மெல்லத் தொட்டேன். யாரோ இடுப்பால் இடித்தது போலக் காரின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கியது.

நட்டு என்று மனம் சொன்னது. நான்தானே இறுக்கினேன் என்று மனதோடு சண்டை பிடித்தேன். பிறகுதான் அந்தக் குழிகள் கண்ணுக்குள் வந்தன. இரும்பை இரும்பு கடித்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் நான் பெயின்ற்றின் மேல் நட்டை இறுக்கியிருக்கிறேன். அது நசிந்து உதிர உதிர நட்டு தானாக இளகிவிடும். வேகமாக ஓடும்போது சில்லுக்கு ஆடி இடிக்க அவகாசம் கிடைக்காது, சத்தம் அடங்கிவிடும். கழன்று போகும்வரை அடங்கியே இருக்கும்.

முன்னால் பாலம் தெரிந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தலை கொள்ளாத பூ, நெற்றியில் சுட்டி. சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று சும்மா விசாரிப்பது போலக் கேட்டேன்.

“என்ரை காலுக்குக் கீழை, மாமா. இடிக்கிறது காலிலை தெரியுது.”

நிறுத்தப்போகிறேன் என்றேன். அக்கா முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் எட்டிச் சொன்னார்.

“இடையிலை நிப்பாட்டக் கூடாது தம்பி. கொஞ்சம் கெதியா ஓடும், சத்தம் கேளாது.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்ற பயம்தான் அவருக்கு. எனக்கும் அதே பயம்தான். ஆனால் இரண்டு பயமும் இரண்டு பக்கம் இழுத்தன. வேகத்தைக் கூட்டி அந்தச் சத்தத்தைக் கேளாமல் செய்துவிடு என்று என் காலும் கெஞ்சியது.

“நிப்பாட்டுங்கோ மாமா,” என்றாள் பெண். “நான் இறங்கிறன்.”

பிறேக்கைத் தொடப் பயந்து, கியரைப் படிப்படியாகக் குறைத்துப் பாலத்துக்கு முன்பே ஓரங்கட்டினேன். இடது பின்சில்லின் மூடியைத் திருப்புளியால் நெம்பியதும் உள்ளேயிருந்து ஒரு நட்டு கழன்று என் காலடியில் விழுந்தது. இன்னும் இரண்டு விரலால் சுற்றவே வந்தன. ஒன்றே ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அப்படியே றோட்டில் குந்திவிட்டேன். வெளிக்காற்றில் பறந்த சேலையைப் பிடித்தபடி அவள் நட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அக்கா காருக்குள்ளேயே இருந்து அழத் தொடங்கினார்.

போனில் மச்சானைக் கூப்பிட்டேன். வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அக்காவையும் இறக்கிவிட்டு, ஜக்கால் காரைத் தூக்கிச் சில்லைக் கழற்றி, குழிகளில் இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். மற்றச் சில்லுகள் அசையாமல் இருந்தாலும் அவற்றையும் நான் நம்பவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். அவசரத்தில் திருப்புளி வழுக்கி விரலைக் கிழித்தது. முகூர்த்தம் நெருங்குகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கடைசிச் சில்லைப் பூட்டும்போது வான் வந்து நின்றது. றோட்டில் உதிர்ந்து கிடந்த வெள்ளித் துகளைக் கண்டதும் மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. மகளை வானில் ஏறச் சொன்னார். நானும் அதையே சொன்னேன். சொல்லும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அக்கா அதற்குள் வானில் ஏறிவிட்டார்.

“நான் மாமாவோடையே வாறன்,” என்றாள். “அந்த வானுக்கு என்ன நோய் வருத்தம் எண்டு ஆருக்குத் தெரியும்? இதுக்கு இருந்ததை மாமா கண்டுபிடிச்சிட்டார்.”

நான் வாயெடுக்க முன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டபோது இருந்த பயம் பெரிதல்ல. சத்தமே இல்லாத மிச்சத் தூரத்தில்தான் நான் செத்துப் பிழைத்தேன். காது முழுவதையும் பின்சில்லில் வைத்துக்கொண்டு, சைக்கிள்காரர் முந்திப்போகும் வேகத்தில் பாலத்தைக் கடந்தேன். கடந்ததும் நிறுத்தி, இறங்கி, நட்டுகளை இறுக்கிப் பார்த்தேன். அச்சுவேலி கிட்டவும் நிறுத்திப் பார்த்தேன். பின்னால் வந்த வானும் ஒவ்வொரு தரமும் நின்றது. கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மண்டப வாசலில் ஆலாத்தி எடுத்து அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். தாய்மாமன் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். காரை ஓரமாக விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். விட்ட பிறகு என் கை ஸ்ரியறிங்கை விட்டு வரவில்லை. உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. தாலி கட்டிவிட்டார்கள், அவள் உயிரோடு அங்கே இருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மேளம் ஓய்வதற்குள் அழுது முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.