ஆசியா உம்மாவின் கடற்பாசி

நோன்பு திறக்கக் கடற்பாசி என்றால் எருக்கலம்பிட்டியில் ஆசியா உம்மாவின் கைதான். காய்ச்சி, சீனி போட்டு, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கண்ணாடியாக உறையும். அந்தக் கைகாரிக்குத்தான் மார்பில் கட்டி வந்தது.

கட்டியை வெட்டி எடுக்கும் இடத்தில் புது மருந்தொன்றை வைக்கலாம் என்று கேட்டாள் டொக்டர் வேணுஜா. இன்னும் ஆராய்ச்சியில் இருப்பது. நீர் நிறைந்த களிக்குள் மருந்து. நோய் எங்காவது ஒளிந்திருந்தால், மருந்து மெல்ல மெல்லக் கசிந்து அதைக் கொல்லும்.

“விளங்கிற மாதிரிச் சொன்னா, கடற்பாசி மாதிரி ஒண்டு, உம்மா.”

அதோடு போயிற்று! அதற்குப் பிறகு டொக்டர் சொன்ன எதுவும் ஆசியா உம்மாவின் காதில் ஏறவில்லை. தலையாட்டிச் சம்மதித்துவிட்டாள்.

கடற்பாசியைத் திரும்ப அடுப்பில் வைத்தால் தண்ணீராகிவிடும். அது அவளுக்குத் தெரியாதா? மருந்து கரைந்தால் நோய் திரும்பி வந்துவிடும் என்று பயந்தாள். கட்டியை எடுத்து, மருந்தை வைத்து, வீட்டுக்கு வந்த நாள் முதல் அடுப்படிப் பக்கமே போகவில்லை. தேத்தண்ணீரையும் ஆற்றித்தான் குடித்தாள். தளும்பும் தட்டொன்றை ஏந்திக்கொண்டு போகிறவள் போல நடந்தாள்.

கடலுக்குப் போய்வந்த கையோடு புருஷன் கலந்தர் உலை வைத்தார். சோறு ஒருநாள் களி, ஒருநாள் கரி.

காலையில் கடலோரம் போய்க் காலை நனைத்தபடி உட்கார்ந்திருப்பாள். கழுதைகள் ஈரமணலில் சத்தமின்றிப் போகும். கடல் எது, வானம் எது என்று தெரியாமல் வெளிறிக் கிடக்கும். கண்ணை மூடினால் மார்புக்குள்ளும் ஒரு சின்னக் கடல், அலையில்லாமல், குளிர்ந்து கிடக்கும். அதற்குள் அவளே மிதப்பாள். அந்த நேரம் மட்டும் பயம் இருக்காது.

கிளினிக்கில் படம் பிடித்துப் பார்த்த வேணுஜா சிரித்தாள். “உம்மா, எல்லாம் கரைஞ்சிட்டுது.”

“நான் அடுப்படிக்கே போகேல்லையே, டொக்டர்!” என்று ஓவென்று அழுதாள் ஆசியா உம்மா.

விஷயம் விளங்கவே வேணுஜாவுக்கு நேரம் பிடித்தது. பிறகு கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கரையத்தானே வச்சது, உம்மா. உங்கட உடம்புச் சூட்டிலயே இருந்து மருந்தைக் குடுத்து முடிச்சிட்டுது. இப்ப அதுவும் இல்ல, நோயும் இல்ல. அடிக்கடி வந்து காட்டுங்கோ, அது போதும்.”

வீட்டுக்கு வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள். கடற்பாசியை ஊறப்போட்டாள். வாசலில் நின்ற கலந்தரைப் பார்த்து, “உங்கட சோத்துக்குப் பயந்துதான் அந்தக் கட்டி வருத்தம் ஓடியிருக்கும்,” என்றாள்.

கலந்தர் சிரிக்கப் போனார், முடியவில்லை. சாரத்து நுனியால் முகத்தை மூடிக்கொண்டார்.

“என்ன?”

“புகை, ஆசியா. கண் எரியுது.”

அவள் இன்னும் அடுப்பே மூட்டவில்லை.