கழுத்தில் உலோகம் கூடாது

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டுதான். காந்த மெஷினில் சிகிச்சைக்கு உட்காருகிறவர்கள் தலையிலும் கழுத்திலும் கிடக்கிற நகைகளை எல்லாம் கழற்றி அதில் வைக்க வேண்டும். அக்கா கம்மலைக் கழற்றி வைத்தாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி வைத்தாள். மூக்குத்தி மட்டும் அசைய மாட்டேன் என்றது. சடங்கான வயதில் போட்டதாம், திருகு சதையோடு ஒட்டிக் கிடந்தது. நான் சோப்பு நுரையைத் தடவி, அவள் கண்ணில் நீர் வர வர ஒரு வழியாகக் கழற்றினேன். மெஷினைக் கவனிக்கிற பெண் அக்காவின் கழுத்தைப் பார்த்து, "தாலிச் செயினையும் கழத்திருங்கக்கா, அரை மணி நேரந்தான்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அக்காவின் கை மார்புக்குப் போய் அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தாள். தட்டில் கிடந்த கம்மலை எடுத்து மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, "வாட்டி, போவோம்" என்றாள். அன்றைக்குச் சிகிச்சை நடக்கவில்லை.

அக்கா என்று நான் சொல்வது என் மூத்த ஓரகத்தியை, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை. சங்கரன்கோவிலில் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் அவளோடு பல வருஷம் புழங்கினேன். ஓரகத்திகள் என்றால் ஊர் என்ன நினைக்குமோ அதெல்லாம் எங்களுக்குள் உண்டு. நான் மிளகாய் கூட்டி அரைத்தால் அவளுக்குப் பிடிக்காது. அவள் என் தையல் மெஷின் சத்தத்தைத் திட்டாத நாள் கிடையாது. பூ மார்க்கெட்டுக்குப் போனால் பேரம் பேசி, பூக்காரியைச் சிரிக்கவும் வைத்து, கொசுறாகக் கொஞ்சம் பிச்சியும் வாங்காமல் திரும்ப மாட்டாள். அவளுக்கு வாய் ஓயாது. அவள் பேச்சை நிறுத்தினால் போதும் சாமி என்று நானே வேண்டியிருக்கிறேன்.

அந்தப் பேச்சு ஒரு மழைக்காலத்தில் நின்றது. காரணம் என்று ஒன்றும் இல்லை. ராயகிரியில் நஞ்சை இருந்தது. அத்தான், அதாவது அவள் புருஷன், குடிக்காத மனிதர். மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். இதையெல்லாம் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அவளிடமே எண்ணிச் சொன்னார்கள். "ஒனக்கு என்னட்டி குறை?" என்பார்கள். அவளுக்கும் பதில் தெரியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குளிக்கச் சொன்னால் எழுந்து குளியலறை வாசல் வரை போய், எதற்கு வந்தோம் என்று மறந்தவளாக நின்றாள். தூக்கம் அடியோடு போய்விட்டது. கோழி கூவுமுன் விழித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுவாள். ஒருநாள் நான் தலை சீவி விடும்போது, "என்னால எல்லாருக்கும் பாரம்ட்டி" என்றாள். இவள் யாருக்குப் பாரம்? இந்த வீட்டைச் சுமந்தவளே இவள்தான்.

எல்லாரும் செய்வதை நாங்களும் செய்தோம். அம்மன் சன்னதிக்கு முன்னால், மனசு கலங்கினவர்களை உட்கார வைக்கிற சக்கரக் குழியில் உட்கார வைத்தோம். புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசினோம். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், எழச் சொன்னதும் எழுந்து வந்தாள். பிறகுதான் நான் அடம் பிடித்துத் திருநெல்வேலிக்கு, மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். அது எத்தனையோ பேருக்குக் கேட்கிறது, இவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மாத்திரைக்கு ஓயாத குமட்டல். மாற்றிக் கொடுத்ததற்கு நாக்கு வறண்டு, கை நடுங்கி, பகலெல்லாம் சுருண்டு கிடந்தாள். "இதுக்கு நான் முன்னால இருந்ததே தேவலை. மாத்திர இல்லாம வைத்தியம் இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா விட்டுருங்க" என்று டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் தானாகப் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

டாக்டரம்மா பொறுமையான ஆள். காந்தச் சிகிச்சை ஒன்று இருக்கிறது என்றார். "கரண்டு வைக்கிறதா?" என்று நான் பயந்து கேட்டேன். இல்லை, அது வேறு, இதில் மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவைப்பதில்லை, விழித்தபடியே உட்கார்ந்திருக்கலாம் என்றார். மூளையில் சோர்ந்து கிடக்கிற ஒரு பகுதியைக் காந்தத் துடிப்பால் வெளியில் இருந்தே தூண்டிவிடுவதாம். ஞாயிறு போக மற்ற நாளெல்லாம் வர வேண்டும், சில வாரங்கள் ஆகும். "எல்லாருக்கும் சரியாகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆரம்பிச்சா பாதியில விட்டுராதீங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன், ஒருவர் விடாமல்.

வீட்டில் பேச்செல்லாம் தாலியைப் பற்றித்தான் நடந்தது. "புருஷன் கல்லு மாதிரி இருக்கும்போது தாலியக் கழத்துவாளா ஒருத்தி?" என்றார் மாமியார். அவர் கெட்டவர் இல்லை. மூத்த மருமகள் சாப்பிடவில்லை என்று தானும் பல நாள் ராச்சோறு தின்னாமல் கிடந்தவர். ஆனால் தாலி விஷயத்தில் அவரிடம் யாரும் பேச முடியாது. கடைசியில் வழியையும் அவரே கண்டுபிடித்தார். சங்கிலி அறுந்து ஆசாரியிடம் கொடுத்திருக்கிற நாட்களில் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொள்வது உண்டுதானே, அப்படிச் செய்வோம் என்றார். நல்ல நேரம் பார்த்து, அக்காவின் பொன் தாலியைக் கழற்றிப் பூஜை அலமாரியில் அம்மன் படத்தின் காலடியில் வைத்து, மஞ்சள் கட்டிய கயிற்றைத் தன் கையாலேயே அவள் கழுத்தில் போட்டார். சிகிச்சை முடிகிற வரை பொன் அங்கேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு. மாமியாரை நான் மனசாரக் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

தினமும் காலை பஸ்ஸில் போனோம். பல் டாக்டர் வீட்டு நாற்காலி போல ஒரு சாய்வு நாற்காலி. காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்து, இரண்டு வளையம் சேர்ந்தாற்போல் இருந்த கருவியை இடது நெற்றிக்கு மேலே பொருத்துவார்கள். பிறகு டக்டக்கென்று சத்தம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி சத்தம். ஒவ்வொரு அடிக்கும் அக்காவின் புருவம் தானாகத் துடிக்கும். முதல் நாட்களில் தலைவலி என்றாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வெளியே வந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தலைக்குள்ள யாரோ கதவத் தட்டுதாவட்டி. வீட்ல ஆளு இல்லைன்னு சொல்லிரு" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் அது கேலிதான், எனக்கு அந்தக் கேலியை நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஒருநாள் தேவர்குளம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்தாள். குனிந்து பார்த்தேன், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தோள் மரத்துப் போனது, நான் அசையவில்லை. இன்னொரு நாள் பனவடலிசத்திரத்தில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் விற்ற பெண்ணிடம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இந்தக் காய்க்கு இந்த வெலையா? ஒங்க ஊர்ல கொய்யா தங்கத்துலயா காய்க்கு?" என்று கேட்டாள். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அந்த வாரக் கடைசியில் சாப்பிட உட்கார்ந்தவள் ஒரு வாய் எடுத்து வைத்ததும், "யாரு இவ்வளவு புளியக் கரைச்சது?" என்றாள். நான்தான் என்றேன். "தெரியுதுல்லா" என்றாள். என் ஆயுசில் ஒரு திட்டைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சிகிச்சை பாதி தாண்டியிருந்தது. அது பங்குனி, பிசான நெல் அறுவடை சமயம். ராயகிரிப் பக்கம் ரோட்டிலேயே நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். வயலுக்குப் போன அத்தானின் பைக் அந்த நெல்லில் சறுக்கியது. காலில் எலும்பு முறிவு, தோளில் அடி. உயிருக்கு ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் அந்த ரோட்டில் யாராவது விழத்தான் செய்கிறார்கள், அத்தானே முன்பும் ஒருமுறை விழுந்திருக்கிறார். செய்தி வந்ததும் மாமியார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. நேராகப் பூஜை அலமாரிக்குப் போய்ப் பொன் தாலியைக் கையில் எடுத்தார். "கழத்தி வச்சா இப்படித்தான் ஆவும்னு எனக்குத் தெரியும். உயிரோட விட்டது அம்மன் புண்ணியம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நெல்லுல வண்டி சறுக்குனதுக்கு இவ கழுத்து என்ன அத்தை செய்யும்?" என்று கேட்டேன். "நீ சும்மா கெட" என்றார் என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அத்தானிடம் போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாமியார் கேட்டிருப்பார். அவர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்ச நாள் நிறுத்திப் பாப்போமேம்மா" என்றார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "தாலிதான் பிரச்சினைன்னா, சங்கிலியத் துணியில சுத்தி நல்லா கீழ இறக்கி விட்டு செய்ய முடியுமான்னு பாக்குறேன், நீங்க கூட்டிட்டு வாங்க" என்றார், பாவம். அதற்குள் அந்தச் சிகிச்சையே வீட்டுக்கு ஆகாதது என்று முடிவாகிவிட்டது.

இவ்வளவுக்கும் மேலே என் வாயை அடைத்தது அக்காதான். மாமியார் தாலியோடு வந்து நின்றபோது, "கட்டுங்க அத்தை" என்று கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். மூக்குத்தியையும் தானே திருகிக்கொண்டாள். மறுநாள் காலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். கையை விடுவித்துக்கொண்டு, "அவிய விழுந்தது என்னாலதான்ட்டி. நான் நல்லா ஆவணும்னு ஆசப்பட்டேன் பாரு, அதான்" என்றாள். பாரம், பாரம் என்று அவளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்த நோய்க்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காதில் நான் சொன்னது எதுவும் ஏறவில்லை.

முதலில் தூக்கம் போனது. பிறகு பேச்சு போனது. இந்தத் தடவை சோற்றைப் பிசையக்கூட இல்லை. ஊட்டிவிட்டால் வாயிலேயே வைத்திருப்பாள். அத்தான் கட்டுப் பிரித்து, கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியபோது இவள் எழுந்து நடப்பதை விட்டிருந்தாள். சங்கரன்கோவிலிலேயே குளுக்கோஸ் ஏற்றினோம். திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் கத்தியதற்கு, கோடை கழியட்டும், தெம்பு வரட்டும் என்றார்கள். காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. கடைசியில் வேன் பிடித்துக் கொண்டுபோகும்போது வழியிலேயே போய்விட்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் சில நாட்கள் இருந்தன.

அன்றைக்குக் கூடத்தில் அவளைப் படுக்க வைத்திருந்த கோலத்தை என்னால் மறக்க முடியவில்லை. கல்யாணப் பட்டு, கை நிறைய வளையல், முகமெல்லாம் மஞ்சள், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். திருவேங்கடத்தில் இருந்தெல்லாம் சொந்தக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். அவள் காலில் மஞ்சள் தேய்த்து, நெற்றியில் இருந்து ஒரு விரல் குங்குமம் எடுத்துத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். "மஞ்ச குங்குமத்தோட போயிட்டா. குடுத்து வச்ச மகராசி" என்று ஒருத்தி சொன்னாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார், அது நிஜமான அழுகைதான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய், அவள் எப்போதும் உட்கார்ந்து காய் நறுக்குகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தச் சிகிச்சை முடிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று சத்தியம் செய்ய என்னால் ஆகாது. என் தங்கை முறைக்காரி ஒருத்திக்கு அதே சிகிச்சையில் ஒன்றும் கேட்கவில்லை, வேறு மாத்திரையில்தான் தேறினாள். ஆனால் அக்காவுக்குக் கேட்டது. கேட்க ஆரம்பித்ததை நான் என் தோளில் உணர்ந்தேன். இதைச் சொல்லப் போனால் வீட்டில் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இப்போது அக்கா எங்கள் வீட்டுக்குச் சாமி. சுமங்கலியாகப் போனவள் என்பதால் வருஷா வருஷம் அவள் போன திதியில் புதுச்சேலை எடுத்து வைத்துக் கும்பிடுகிறோம். இந்த வருஷமும் வைத்தோம். அத்தான் இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறார், பைக்கும் ஓட்டுகிறார். அவரும் நானும் படத்துக்கு முன்னால் நின்றிருந்தோம். மாமியார் சூடம் எடுக்க உள்ளே போயிருந்தார். அத்தான் என் பக்கம் திரும்பாமலே, "முழுசாப் பாத்திருந்தா பொழைச்சிருப்பாளாம்மா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காக நான் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தேன். நறுக்கென்று கேட்க வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தலை குனிந்து நின்றதைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். "தெரியாது அத்தான். ஆனா பஸ்ல தூங்குனா. என் தோள்ல சாஞ்சு நல்லாத் தூங்குனா" என்றேன்.

அவர் குனிந்து புதுச்சேலையின் மடிப்பைச் சரிசெய்தார். பிறகு, "எனக்கு உயிர்ப் பயம் வந்துட்டும்மா" என்றார். "அம்மா சொல்லுதத நான் நம்பல. ஆனாலும் ஒருவேளை நெசமா இருந்தா என்ன செய்யன்னு பயந்துட்டேன். அவ உயிரும் உயிருதானேன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல."

மாமியார் சூடத்தோடு வந்தார். பொருத்திக் காட்டிவிட்டு என்னைப் பார்த்து, "நல்லாக் கும்பிட்டுக்கோட்டி, ஒன் தாலிக்கு இனி அவதான் காவல்" என்றார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். நானும் கையைக் கூப்பினேன். அக்கா, நீ யாருக்கும் காவல் இருக்க வேண்டாம், தூங்கு என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன்.