ரெய்னோவின் குச்சியும் பச்சை எழுத்தும்

வடக்குக் குளிரில் கிடக்கிற முஸ்தலம்பி ஊரின் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ரெய்னோவைப் பார்க்கணும் என்றால் முதலில் பாலாடைக்கட்டிக் குளிர் அறையைத் தாண்டணும். மூக்கு விறைத்துப் போகும். அடுத்த கதவைத் திறந்தால் குப்பென்று சூடு. அதுதான் சர்வர் அறை. அந்த ஆலையில் கால் வைத்த இடமெல்லாம் ஈரம், கை வைத்த இடமெல்லாம் ஜில்லிப்பு. கதகதப்பாக, காய்ந்து கிடக்கிற இடம் அது ஒன்றுதான். அதை விட்டு ரெய்னோ வெளியே வர மாட்டான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆள் ஐம்பதைத் தாண்டியவன். தோள் அகலம், பேச்சு சுருக்கம். முன்னே பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கறக்கும் மெஷினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவன் எவன் என்று தேடி, அவனைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். மாடு உதைக்கும், இது உதைக்காது என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

அவனுடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்டிரைவ் கிடக்கும். அதைக் குச்சி என்பான். சர்வர் மக்கர் பண்ணினால், அதன் சொந்த டிஸ்கிலிருந்து கிளப்பாமல் இந்தக் குச்சியைச் சொருகி, இதிலிருந்து கிளப்புவான். மயங்கிக் கிடக்கிறவனைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டு என்ன பிரயோசனம். குச்சிக்குள் இருக்கிற வைத்தியன் தானே ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுப் பார்ப்பான். மெமரியில் எழுதித் திரும்பப் படிப்பான். டிஸ்கை ஓரம் ஓரமாகத் தடவுவான். ஃபேன் சுற்றுகிறதா, கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பான். நல்லதென்றால் பச்சை எழுத்து, கெட்டதென்றால் சிவப்பு. இந்த உலகத்தில் ரெய்னோ மறுபேச்சில்லாமல் நம்பியது அந்தப் பச்சை எழுத்தை மட்டும்தான். வானிலை அறிக்கையைக்கூட நம்ப மாட்டான்.

அந்த அறைக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. அக்டோபர் வந்தால் பாசி படர்ந்த காட்டில் புனல் காளான் மண்டும். சுண்டுவிரல் உயரம், பழுப்புத் தொப்பி, மஞ்சள் கால். அதைச் சருகு மாதிரி காயவைத்துக் கண்ணாடி ஜாடியில் அடைத்தால் குளிர்காலம் முழுக்கச் சூப்புக்கு ஆகும். ஈரம் நின்றால் பூசணம். சர்வருக்குப் பின்னாலிருந்து ராத்திரி பகல் சும்மா வீணாகிற சூடான காற்றை விட அதற்கு உகந்தது என்ன இருக்கிறது? பழைய கொசுவலைச் சட்டம் இரண்டைச் சர்வர் பீரோவின் பின் கதவில் சாய்த்து, காளானைப் பரப்பிவிடுவான். வருஷா வருஷம் நடக்கிற காரியம். இந்த வருஷம் காளான் பொடிசு. வலை ஓட்டை வழியே கீழே கொட்டிற்று. அதனால் அடியில் ஊர்ப் பேப்பரை விரித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் சர்வர் படுத்துவிட்டது.

பால் வண்டிகளின் எடைக் கணக்கெல்லாம் அதில்தான் ஏறணும். அது படுத்தால் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முதல் வண்டி அஹ்தியுடையது. ரெய்னோவோடு ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவன், வாய்க்குப் பூட்டில்லாதவன்.

"யோவ் ரெய்னோ, உள்ள என்ன, உன் மெஷினுக்குப் பேறுகாலமா?" என்று வெளியே நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான் அஹ்தி.

"பாக்குறேன்."

"சீக்கிரம் பாருய்யா. பால் தயிராறதுக்குள்ள."

மேலாளர் சினிக்கா வருவதற்குள் ரெய்னோ சட்டங்களைக் கழற்றி, பேட்டரிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தான். தின்கிற பொருள் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவனும் ரெய்னோதான். பிறகு குச்சியைச் சொருகினான். வைத்தியன் எழுந்து வரிசையாகத் தொட்டுப் பார்த்தான். மெமரி பச்சை. டிஸ்க் பச்சை. ஃபேன், கரண்ட் எல்லாம் பச்சை.

"அப்ப ஏன் விழுந்துச்சு?" என்றாள் சினிக்கா. நாற்பது வயசு, தெற்கிலிருந்து வந்தவள், ஒரு கேள்வியைக் கேட்டால் பதில் வரும்வரை நகர மாட்டாள்.

"விழுந்துச்சு," என்றான் ரெய்னோ. "இப்ப நல்லா இருக்கு."

அவள் போனதும் சட்டங்களை மறுபடி சாய்த்தான். மறுநாள் மத்தியானம் சர்வர் மறுபடி படுத்தது. சட்டத்தை எடுத்தான், குச்சியைச் சொருகினான், எல்லாம் பச்சை. அவன் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பார்க்கவில்லை. காளான் போகிறபோது நோய் போகிறது, காளான் வருகிறபோது நோய் வருகிறது. ஊரில் எவனிடம் சொன்னாலும் சிரித்திருப்பான். ஆனால் வருஷா வருஷம் அங்கேயே இருக்கிற ஒன்றின்மேல் எவனுக்குச் சந்தேகம் வரும்? சந்தேகமெல்லாம் புதிதாக வந்த கரண்ட் கம்பிமேல்தான் இருந்தது. அதை இரண்டு தரம் மாற்றினான்.

புதன்கிழமை சினிக்கா கதவருகே நின்று, மெதுவாகவே சொன்னாள். "ரெய்னோ, வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. தம்பரே நகரத்துல ஒரு கம்பெனி, சர்வரையெல்லாம் அவங்க இடத்துல வச்சுப் பாத்துக்கறேன்னு சொல்றாங்க. காரணம் இன்னதுன்னு நீங்க சொல்லிட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இல்லாட்டி போட்டுருவேன்."

"அப்ப நானு?"

"லாரி இறக்குற மேடையில ஆள் பத்தல."

மேடை என்றால் திறந்த வெளி, வடக்குக் காற்று, ஈரக் கையுறை, அஹ்தியின் வாய். ரெய்னோ அன்றைக்குக் காப்பிக்கு வந்த ஏலக்காய் பன்னைத் தொடவில்லை. மேஜையில் இருந்தவர்கள் அவனுக்குக் காய்ச்சலோ என்று நினைத்தார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. வியாழக்கிழமை காலையில் அவன் மனைவி ஹில்க்கா அடுப்பங்கரையில் இரண்டு வாளிக் காளானுக்கு நடுவில் நின்றாள்.

"இதைத் தூக்கிட்டுப் போ, இல்லன்னா நான் தூக்கி எறிவேன். சிங்க்ல காளான், நாற்காலியில காளான். நேத்து என் செருப்புக்குள்ள ஒண்ணு இருந்துச்சு."

"ஆபீஸ்ல பிரச்சினை, ஹில்க்கா."

"காளானுக்கு அது தெரியுமா? நாளைக்கு அழுகிரும்."

ரெய்னோ வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை வருகிற ஒன்றிரண்டு வண்டிக்கென்று வைத்திருந்த மந்தமான உதிரி மெஷினில் வண்டி எடையை ஓட விட்டு, சர்வரைக் குச்சியில் கிளப்பி, மெமரியைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் சோதிக்கிற நீள் சோதனையைப் போட்டான். அது ஓடட்டும், நாம் ஏன் சும்மா நிற்கணும் என்று பேப்பரை விரித்து, சட்டத்தை நிறைத்து, பின் கதவில் சாய்த்துவிட்டுக் காப்பிக்குப் போனான்.

திரும்பி வந்தால் திரை சிவந்து கிடந்தது. வரிக்கு வரி மெமரி பிழை.

ரெய்னோவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கெட்டது கிடைத்தால் இப்படிச் சந்தோஷப்படுகிறவன் உலகத்தில் ரிப்பேர்காரன் ஒருவன்தான். சினிக்காவுக்குப் போன் போட்டான். "புடிச்சுட்டேன். மெமரி." போனை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் சட்டங்களைக் கழற்றி ஒளித்தான்.

அவள் வந்து நின்று பார்த்தாள். சிவப்பு வரிகள் மேலே நகர்ந்துகொண்டிருந்தன. கீழே புதிய சுற்று ஆரம்பித்திருந்தது. அது பச்சை. அடுத்ததும் பச்சை.

"குணமாயிடுச்சு போல," என்றாள்.

"மெமரி தானா குணமாகாது."

"அப்ப?"

பேட்டரிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பேப்பர் ஓரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ரெய்னோ அதைப் பார்த்தான். பச்சை எழுத்தைப் பார்த்தான். மறுபடி பேப்பரைப் பார்த்தான். அவனுடைய காது சிவக்க ஆரம்பித்தது.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்றான்.

அவள் போன பிறகு பரீட்சை வைத்தான். சட்டத்தைச் சாய்த்தான், கொஞ்ச நேரத்தில் ஃபேன்கள் இரைய ஆரம்பித்தன, மெமரி சூடேறி உளறிற்று, சிவப்பு. எடுத்தான், பச்சை. பேப்பரை உருவி, வெறும் வலையோடு வைத்தான். அதுவும் பச்சை. ஆக அத்தனை வருஷமும் காளான் குற்றம் செய்யவில்லை. இந்த வருஷம் விரித்த பேப்பர் மூச்சுக்குழாயை அடைத்திருக்கிறது. வைத்தியன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் வைத்தியன் வருகிறபோது பத்தியம் முறித்த சாப்பாட்டை ஒளித்தது நோயாளி வீட்டுக்காரன்.

இனி அவனுக்கு இரண்டு வழி இருந்தது. காளானை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெமரி கழன்றிருந்தது, அழுத்திப் பொருத்தினேன் என்று சொல்லலாம். சர்வரும் படுக்காது, அறையும் கையை விட்டுப் போகாது. வீட்டுக்குப் போகிற வழியில் அதை வண்டிக்குள் ஒத்திகை பார்த்தான். எந்த மெமரி, எந்தக் குழியில், எப்படிக் கழன்றது, ஏன் முதல் இரண்டு தரம் தெரியவில்லை என்று சினிக்கா கேட்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வேண்டும். ஒரு பொய்க்கு அத்தனை வார்த்தை செலவு. ரெய்னோ ஒரு வாரத்துக்குப் பேசுவதே அவ்வளவு கிடையாது.

பாதி வழியில் வண்டியைத் திருப்பினான்.

சினிக்கா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"காளான் காயப்போட்டேன்," என்றான். "சர்வருக்குப் பின்னாடி. பேப்பர் காத்தை அடைச்சிருச்சு. எடுத்துட்டேன்."

கோட்டுக் கையில் பாதி நுழைந்த கை அப்படியே நின்றது. "திங்கட்கிழமையும்?"

"ஆமா."

"செவ்வாயும்?"

"ஆமா. நீங்க வரும்போதெல்லாம் ஒளிச்சு வச்சேன். அதனாலதான் சோதனையில தெரியல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று ரெய்னோ காத்திருந்தான். திட்டினால் தேவலை, மேடைக்குப் போ என்றாலும் தேவலை.

"எவ்வளவு காளான்?" என்றாள்.

"இந்த வாரம் நாலு வாளி."

"நாலு வாளி." அவள் குரலே மாறிவிட்டது. "நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம். ஒவ்வொரு அக்டோபரும் காட்டுக்குப் போறேன். ஒரு பை நிறைஞ்சதில்ல. ஊர்ல யாரைக் கேட்டாலும் 'அந்தப் பக்கம் கிடைக்கும்'னு கையை ஆட்டுறாங்க. கை பாதி நாட்டைக் காட்டுது. நீங்க எங்க பொறுக்குனீங்க?"

ரெய்னோவின் முகம் மரக்கட்டையாயிற்று. காடு எல்லாருக்கும் பொது, எவனும் எங்கேயும் பொறுக்கலாம். அதனாலேயே இடத்தை எவனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். அவனும் ஹில்க்காவைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. ஹில்க்காவுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் காட்டினான்.

"அந்தப் பக்கம்," என்று கையை ஆட்டினான்.

"ரெய்னோ, சர்வர் விழுந்ததுக்குக் காரணம் 'காத்தோட்டத்துல அடைப்பு, சரி செய்தாச்சு'ன்னு நாளைக்குக் குழுவுல சொல்வேன். அது பொய் இல்ல. அறையும் உங்ககிட்டயே இருக்கும். அதை நான் காளானுக்காகச் செய்யல, காரணம் சொன்னா போதும்னு முன்னாடியே சொன்னேன். ஆனா அடைச்சது என்னன்னு குழுவுல யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்னு யோசிக்கிறேன். குழுத் தலைவரும் காளான் பொறுக்குறவர்தான். நாலு வாளின்னு கேள்விப்பட்டார்னா சனிக்கிழமை காலையில உங்க வண்டிக்குப் பின்னாலேயே வருவார்."

அது நிஜம். அந்த மனுஷன் போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரனைச் சைக்கிளில் பின்தொடர்ந்தவர்.

ரெய்னோ ஜன்னலைப் பார்த்தான். மேடையில் அஹ்தி குழாயைச் சுருட்டிக்கொண்டே யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். வடக்குக் காற்று அவன் தொப்பியைத் தூக்கிப் போட்டது. உள்ளே இருக்கிற சூடு, பச்சை எழுத்து, கதவைச் சாத்தினால் கிடைக்கிற அமைதி எல்லாம் கையில் திரும்ப வந்துவிட்டன. பாசி மெத்தையாகக் கிடக்கிற அந்தச் சரிவு மட்டும் தராசின் இன்னொரு தட்டில் இருந்தது. ரகசியம் சினிக்கா ஒருத்தியோடு நின்றால் அந்த இடம் பிழைக்கும். சைக்கிள்காரத் தலைவர் காதுக்குப் போனால் ஊரே வரும்.

ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"சனிக்கிழமை விடியுறதுக்குள்ள எங்க வீட்டுக்கு வாங்க. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கங்க. போனை வீட்லயே வச்சிருங்க, வழியை அதுல குறிச்சுக்குவீங்க."

"சரி."

"என் வண்டியிலதான் போறோம். நேர் வழியில போக மாட்டேன்."

"கண்ணைக் கட்டிக்கட்டுமா?"

ரெய்னோ அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான், வேண்டாம் என்றான்.