ஊற்றுவாயில் மூச்சு வாங்கியவள்

அவரைக் கொக்கு என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். கால்களும் நெடியவை, பொறுமையும் நெடியது. ரப்பர் கால்சட்டையோடு இடுப்பளவு நீரில் இறங்கி நின்றாரென்றால், தும்பி தோளில் வந்தமர்ந்து இளைப்பாறிப் போகும். தூண்டிலோடு மலையேறி வருவோரை ஆற்றுக்குள் அழைத்துச் செல்வதும், டிரவுட் மீன் எந்தப் பாறையின் நிழலில் நிற்கிறதென்று காட்டுவதும், பிடித்ததைப் பிழையின்றி நீரிலேயே விடச் செய்வதும் அவர் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஆறுதான் அவருக்குப் படியளந்தது.

அங்கே புழுவுக்கு வேலையில்லை. இறகும் மயிரும் நூலும் சுற்றிக் கொக்கியின்மேல் செய்த பொய் ஈயே இரை. அதைக் கட்டுபவள் அவர் மனைவி. சமையலறை ஜன்னலோரம் சிறு பிடிப்பானில் கொக்கியை இறுக்கி, மூச்சடக்கி நூல் சுற்றுவாள். இளவேனிலுக்குத் தவிட்டு நிறத்தில் மெல்லிறகு. முதுவேனிலுக்கு வெட்டுக்கிளி போலத் தடித்த உடல். குளிர் தொடங்கும் கூதிருக்குச் சாம்பல் நிறத்தில் கடுகளவு. பனிக்காலத்தில் ஆறு வாய் மூடிக் கிடக்க, வரும் ஆண்டுக்கானவை மேசையில் வரிசையாய்ப் பிறக்கும்.

“உங்க மீனுக்குப் புத்தி கம்மிங்க. இந்த இறகைப் பாத்து ஏமாறுதே,” என்பாள்.

“உன்னைப் பாத்து நான் ஏமாறலையா? அது மாதிரிதான்,” என்பார் அவர்.

அவருக்கு ஒரு நியமம் உண்டு. டிரவுட் குளிர்நீரின் பிள்ளை. நீர் இருபது டிகிரியைத் தாண்டினால் அதற்கு மூச்சு முட்டும். அந்நிலையில் கொக்கியோடு போராடிக் களைத்தால், விட்டாலும் பிழைப்பது அரிது. ஆகவே கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரை அவ்வப்போது நீரில் முக்கிப் பார்ப்பார். இருபது என்று காட்டினால் எத்தனை பெரிய மனிதர் வந்திருந்தாலும் தூண்டில்கள் மடங்கும்.

ஆற்றின் வளைவில், சாய்ந்த பாறையின் அடியில் ஒருத்தி இருந்தாள். வாலருகே வெள்ளைப் புள்ளி, முழங்கை நீளம். பெரியவள் என்று அவராக வைத்த பெயர். ஆறாண்டுகளாக அவளைக் காணாமல் அவர் பொழுது விடிந்ததில்லை. பல் மருத்துவரான அம்மையார் ஒருவர் ஐந்து கோடைகளாக அவளுக்கென்றே வந்து, வீசி வீசி வெறுங்கையோடு திரும்பினார்.

மழை பொய்த்த அந்த முதுவேனிலிலும் வந்தார். முன்பகலிலேயே வெயில் ஏறிவிட்டது. வளைவுக்கு வந்ததும் கொக்கு தமக்குப் பழகிய கல்லில் காலூன்றி, தெர்மாமீட்டரை முக்கினார்.

“பதினஞ்சு. தாராளமா வீசலாம், டாக்டரம்மா.”

வெட்டுக்கிளி ஈ காற்றில் மிதந்து, உதிர்ந்த இதழைப் போல் நீரில் அமர்ந்தது. நிழலுக்குள்ளிருந்து ஒரு பொன்னிறம் எழுந்தது, ஈ மறைந்தது. நூல் விண்ணென்று இழுபட, பெரியவள் நடு ஓட்டத்துக்குப் பாய்ந்தாள்.

கைவலையோடு கொக்கு பின்தொடர்ந்தார். மூன்றே எட்டு. ரப்பருக்கு வெளியிலிருந்து ஒரு வெதுவெதுப்பு அவர் முழங்காலைப் பற்றியது. தெர்மாமீட்டரை முக்கினார். இருபத்திரண்டு.

முன்பு அவர் காலூன்றியிருந்த கல்லின் கீழே ஒரு குளிர் ஊற்று சுரந்தது. வெம்மை தாளாத மீன்களெல்லாம் அந்த ஊற்றுவாயைத்தான் அண்டியிருந்தன. அவர் ஆற்றை அளக்கவில்லை, ஊற்றை அளந்திருந்தார்.

“நூலை அறுத்துடுங்கம்மா. தண்ணி சூடு. தப்பு என்னோடது.”

அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் நூலைக் கையில் சுற்றி இழுத்தார். அறுபடவில்லை.

“தடிச்ச நூலா போடுங்கன்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க?”

“அப்ப சீக்கிரம் கொண்டாங்க. ஆட விடாதீங்க.”

வலைக்குள் வந்தபோது பெரியவள் வயிறு மேலாகக் கிடந்தாள். கொக்கியை நீருக்குள்ளேயே கழற்றினார். வலையை நீர் நீங்காமல் ஏந்தி ஊற்றுவாய்க்கு நடந்து, அவளை நிமிர்த்தி, குளிர்நீர் வரும் திசைக்கு முகம் வைத்துத் தாங்கினார். செவுள் அசையவில்லை.

அம்மையார் படமெடுக்கும் நினைவே இல்லாமல் அருகில் வந்து குனிந்தார்.

“உயிர் இருக்கா பாருங்களேன், டாக்டரம்மா.”

“நான் பல்லுதான் பாப்பேன் அண்ணா. பல்லு நல்லா இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. நீர் வந்துகொண்டே இருந்தது. பாறையின் உள்ளிருளில் எத்தனை காலம் கிடந்த குளிரோ, விரலிடுக்குகளில் வழிந்து போயிற்று. இலைநிழல் ஆடியது, கைகள் மரத்தன. தாம் அவளைத் தாங்குகிறோமா, ஆறு தம் இருவரையும் தாங்குகிறதா என்பது அவருக்கே விளங்காமல் போயிற்று. கருவறை முன் வேண்டுதல் மறந்து நிற்பவரைப் போல நின்றார். எவ்வளவு நேரமென்று தெரியாது. செவுள் ஒருமுறை திறந்தது. பிறகு மறுமுறை. வால் மெல்ல விசிறி, அவள் உள்ளங்கையை விட்டு நிழலுக்குள் நழுவிச் சென்றாள்.

“பொழச்சுட்டா,” என்றார் அம்மையார்.

“போறதைப் பாத்து நம்ப முடியாதுங்க. ராத்திரி தாண்டணும்.”

அம்மையார் அன்றே ஊருக்குப் புறப்பட வேண்டியவர், விடுதியில் தங்கிவிட்டார்.

விடியலில் மனைவியும் கூட வந்தாள். இருவரும் கீழ்த்துறை மணல்மேடுகளில் வெள்ளை வயிறு ஏதும் ஒதுங்கியிருக்கிறதா என்று தேடினார்கள். ஒன்றுமில்லை. வளைவில் வயிறு தரையில் பட ஊர்ந்து எட்டிப் பார்த்தார்கள். ஊற்றுவாயில் வெள்ளைப் புள்ளி நின்றது. செவுள் நிதானமாகத் திறந்து மூடிற்று.

“இவதானா என் சக்களத்தி?” என்றாள் மனைவி. “பரவாயில்ல, லட்சணமாத்தான் இருக்கா.”

அவர் வாய் திறக்குமுன் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது.

“அண்ணா, இருக்காளா?”

“இருக்காம்மா.” கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “மெதுவா பேசுங்க. பக்கத்துலதான் நிக்கிறா. இனிமே குளிர் வர்ற வரைக்கும் இந்த வளைவுல யாருக்கும் தூண்டில் இல்ல. உங்களுக்கும்தான்.”