முள் குத்திய செய்தித்தாள்

என் பெட்டியின் அடியில் பழைய தமிழ்ச் செய்தித்தாள் ஒன்று கிடக்கிறது. சினிமாப் பக்கத்தில் நாயகனின் முகமெங்கும் ஓட்டை, அம்மை வார்த்தது போல. ரூமுக்குப் புதிதாக வருகிறவர்கள், "என்னண்ணே, இவரு மேல உங்களுக்கு அம்புட்டுக் கோவமா?" என்று கேட்பார்கள். குத்தியது நானல்ல, ஒரு செடி என்பேன். நம்ப மாட்டார்கள். நான் சொல்லும் பொய்களுக்கு இருக்கும் மரியாதை என் உண்மைகளுக்கு என்றுமே இருந்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில ஆண்டுகள், ஷார்ஜாவில் செடிகளை உலர்த்தி அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கும் ஒரு நிலையத்தில் டிரைவராக இருந்தேன். செடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சீமைக்கருவேலம்தான். அதனிடமிருந்து தப்பித்துத்தான் ராமநாதபுரத்தை விட்டு விமானம் ஏறினேன்; இறங்கிப் பார்த்தால் எனக்கு முன்பே வந்து சாலையோரமெல்லாம் குடியேறியிருந்தது. இதைச் சொன்னபோது சார் வண்டி குலுங்கச் சிரித்தார். சார் அங்கே தாவர ஆய்வாளர், நெல்லைக்காரர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு கண்டத்தில். வெள்ளிக்கிழமை லீவில்கூட மலைப்பக்கம் கிளம்பிவிடுவார். எனக்கும் ரூமில் படுத்து மின்விசிறியைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டு பரோட்டாப் பொட்டலம், ஒரு கட்டுப் பேப்பர், அவ்வளவுதான் பயணச் சாமான். செடியை அழுத்தி உலர்த்தும் பேப்பரை நான்தான் ரூமிலிருந்து கொண்டுபோவேன். "டேய், தொடர்கதைப் பக்கத்த மட்டும் செடிக்குப் போத்திராத!" என்று ரூம்காரர்களின் குரல் பின்னாலேயே வரும்.

ஃபுஜைரா மலைகளுக்கு நடுவே, மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே எப்போதோ எடுத்த முள்செடி ஒன்று எங்கள் நிலைய அலமாரியில் இருந்தது. பந்து போல உருண்டைப் பூ, நீலம் மங்கிப் பழுப்பேறியது. அடியில் ஒட்டிய சீட்டில், 'ஏராளமாக உள்ளது' என்ற குறிப்பு. சாரின் கான்ட்ராக்ட் முடியும் தறுவாய். அந்தச் செடி இன்னும் அங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகப் பூவோடு மாதிரி ஒன்று எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

குளிர்காலம் முழுக்கத் தேடினோம். வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் கண்டோம். ஒன்றே ஒன்று. கூழாங்கற்களுக்கு நடுவே தலைநிமிர்ந்து, பூத்து நின்றது.

"நம்மூரு பிரமதண்டு மாதிரி இருக்கே சார்?"

"அது மெக்சிகோக்காரன்லா. இது இந்த மண்ணுப் பிள்ளை. நம்மள மாதிரி விசாவுல வந்து நிக்கல."

பேப்பரை விரித்துப் பிடித்தேன். சார் கத்தரியோடு குந்தினார். குந்தியவர் எழவும் இல்லை, வெட்டவும் இல்லை. காற்று பேப்பரைப் பிடுங்கிச் செடிமேல் அறைந்தது. நாயகன் முகத்தில் முள் பாய்ந்தது அப்போதுதான்.

"யல்லா சார், சீக்கிரம் வெட்டுங்க. இல்லேன்னா இருந்துச்சுன்னு யாரு நம்புவா?"

"நம்பாட்டிப் போறான். ஒத்தையில நிக்கதப் போயி எப்படிப்பா வெட்டுகது? அடுத்த வருசம் நாலஞ்சு முளைச்சிருக்கும். அப்ப எடுக்கட்டும்."

யார் எடுப்பார் என்று நான் கேட்கவில்லை. குத்துப்பட்ட பேப்பரை மடித்து என் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சார் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு, செடி பூக்கும் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். பள்ளத்தாக்கில் கல் லாரிகளுக்குப் பாதை போட்டிருந்தார்கள். செடி நின்ற இடத்தில் ஜல்லி. பழக்கதோஷத்தில் பரோட்டா இரண்டு பொட்டலம் வாங்கியிருந்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டையும் நானே தின்றேன்.

சாருக்குப் போன் செய்தேன். "முளைச்சிருக்காப்பா?" என்றார். அலமாரிச் சீட்டில் இருப்பதையே சொன்னேன்: "ஏராளமா இருக்கு சார்." அவர், "சாப்பிட்டியா?" என்றார்.

நேற்றுப் பெட்டியை ஒதுக்கும்போது அந்தத் தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டைகள் வழியே வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியது, புள்ளிகள் சேர்ந்து நாயகனின் கன்னத்தில் உருண்டையாக ஒரு பூ. சார் சொல்லித்தந்த அந்தச் செடியின் பெரிய பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. ஓரத்தில், அலமாரிச் சீட்டில் குறிப்பு எழுதுவது போலப் பேனாவால் எழுதினேன்: 'ஒன்று. இருவர் பார்த்தோம்.'